உயரம் போதாதவர்கள்

வாசலில் ஒரு மரக்கரடி.
நீட்டிய கைக்குக் கீழே
நூற்றைந்து சென்டிமீட்டர் என்று எழுதியிருக்கிறது.
அதற்குக் குறைந்தவர்கள் இங்கே
அலற அனுமதி இல்லை.

வில்லாஸ் குதிகாலைத் தரையில் அழுத்தி நிற்கிறான்,
நேர்மையானவன் என்று காட்டத்தான்.
தலைமுடி கரடியின் உள்ளங்கையை உரசுகிறது.
ரப்பர் பூட்ஸின் உயரம் கணக்கில் சேருமா என்று
யாரும் கேட்கவில்லை.

"இவளையும் அளக்கணும்" என்கிறான்.
மழைக்கோட்டுப் பெண், கோடைவேலைக்கு வந்த மாணவியாக இருக்கும்,
சிரிக்காமல் குனிகிறாள்.
டில்டேயை அக்குளில் பிடித்துத் தூக்கிக் காட்டுகிறேன்.
கால்கள் காற்றில் மிதிக்கின்றன
இல்லாத சைக்கிளை.
"அறுபத்தெட்டு" என்று அறிவித்துவிட்டு
கணுக்காலில் மஞ்சள் பட்டை ஒன்றை ஒட்டுகிறாள்.

அம்மாவும் மகனும் வரிசைக்குள் மறைந்தார்கள்.
எங்களுக்கு ஒரு ஈர பெஞ்சு.

காலண்டர் ஜூலை என்றது.
யூட்லாந்து வானத்துக்கு யாரும் அதைச் சொல்லவில்லை.
காரின் பின்புறம் முழுக்க இவள் சாமான்:
டயபர் இருபத்திரண்டு, கம்பளித் தொப்பி மூன்று,
கஞ்சி டப்பா, தெர்மாஸ்,
இரவல் தள்ளுவண்டி.
அதன் மழை உறை வீட்டுக் கொக்கியிலேயே தொங்குவது
இங்கே வந்துதான் நினைவுக்கு வந்தது.
எடையில் எட்டுக் கிலோ,
பயணத்தில் ஒரு படைப்பிரிவு.

கோட்டையைக் காட்டினேன். புகை விடும் டிராகனைக் காட்டினேன்.
அவள் என் கோட்டின் ஜிப்பைப் பார்த்தாள்.
யாருடைய தட்டிலிருந்தோ
கடற்பறவை ஒன்று உருளை வறுவலைத் தூக்கிப் பறந்தபோது மட்டும்
"தா" என்றாள்.
வாழ்த்தா வழக்கா, தெரியவில்லை.

எதிர் பெஞ்சில் இன்னொரு அப்பா, நெஞ்சில் இரட்டையரைக் கட்டிக்கொண்டு.
இரவுக் காவலாளிகளைப் போல
தலையசைத்துக்கொண்டோம்.

புட்டியை வாயில் வைத்தேன்.
தலைக்கு மேல் மரத்தண்டவாளம் முனகியது.
உச்சியில் ரயில் ஒரு கணம்,
அடுப்பை அணைத்தோமா என்று யோசிப்பதுபோல் நின்று,
விழுந்தது.

இருபத்து நாலு வாய்கள்.
டில்டே உறிஞ்சுவதை நிறுத்தினாள்.
தலை திரும்பியது, கண் மேலே போனது.
எனக்கு எல்லாம் ஒரே இரைச்சல்;
அவளுக்கு அதில் ஒரு நூல் தனியாக.

பிறகு எனக்கும் கேட்டது.
டிசம்பரில் கேட்ட குரல்,
பிரசவ அறையில், என் மணிக்கட்டை நெரித்தபடி.
அதன் பின் மலேனே குரலை உயர்த்தவே இல்லை.
தூங்குகிற வீட்டில்
குசுகுசுவென்றே சண்டை போட்டோம்
குசுகுசுவென்றே சமாதானமானோம்.
ஏழு மாதத்துக் குரல்
மேலேயிருந்து கொட்டிக்கொண்டிருந்தது.

வந்தாள். முடி கலைந்து,
சட்டையில் இரண்டு ஈர வட்டங்கள்.
"ரெண்டாவது பள்ளத்தில் பால் சுரந்திடுச்சு!"
கூட்டமே கேட்கச் சிரித்தாள்.
"இப்போ உன் முறை."

வயிறு சரியில்லை என்றேன்.
வயிறு சரியாகத்தான் இருந்தது.
நூற்றெண்பத்தேழு சென்டிமீட்டர் இருக்கிறேன்,
கரடி என்னை விட்டுவிடும்.
என் நெஞ்சில் காது வைத்துக் கிடந்தவளுக்கு
விஷயம் தெரியும்.
அவளுக்கு இன்னும் பேச்சு வரவில்லை.

"அப்போ நான் இன்னொரு தடவை?"
பதிலுக்கு நிற்காமல் ஓடினாள் மலேனே.

திரும்பும் வழியில் மழை வலுத்தது.
வில்லாஸ் ஒரு பூட்ஸ் கழன்றபடி தூங்கினான்.
மலேனேவுக்குத் தொண்டை கட்டிவிட்டது,
சைகையில் காபி கேட்டாள்.
பின்பக்கம் பார்த்த தன் இருக்கையில்
டில்டே மட்டும் விழித்திருந்தாள்,
பின்கண்ணாடியின் வைப்பரைப் பார்த்தபடி.
அந்தப் பக்கம். இந்தப் பக்கம்.
ஒவ்வொரு வீச்சுக்கும் மூச்சை இழுத்து
ஒரு கீச்சுச் சிரிப்பு.

ஹோப்ரோவில் மழை நின்றது.
நான் அதை அணைக்கவில்லை.
காய்ந்த கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டே
விபோர்க் வரைக்கும் வந்தது.